வருமானத்தை ஏற்றிப் போடச் சொன்னவன்

வண்டி ஓட்ட ஒரு லைசென்ஸ் போதும். வண்டி ஓட்டித்தான் பிழைத்தேன் என்று வருஷத்துக்கு ஒருமுறை எழுதிக் கொடுக்கத்தான் தனித் திறமை வேண்டியிருக்கிறது. சொந்தக் காரை ஆப்பில் பதிந்து புதுச்சேரியில் சவாரி அடிக்கும் என் இனத்தாருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்கள் அனுதாபப்படலாம்.

என் கதை கொஞ்சம் சுற்றி வரும். முத்தியால்பேட்டையில் பிறந்து, தமிழும் பிரெஞ்சும் படித்து, பாரீஸுக்கு வெளியே ஒரு கிடங்கில் பதினோரு வருஷம் பெட்டி அடுக்கினேன். மனைவி செல்வியையும் கைக்குழந்தை நிவேதாவையும் அங்கே அழைத்துக்கொள்ள மனுப் போட்டேன். ‘தங்கள் வருமானம் மூன்று பேருக்குப் போதாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று மிக அழகான பிரெஞ்சில் பதில் வந்தது. இன்னும் சில வருஷம் பார்த்தேன். அவர்கள் வர முடியாததால் நான் வந்துவிட்டேன். இந்த வருஷம் அதே நாட்டில் ஒரு கல்லூரியில் நிவேதாவுக்கு இடம் கிடைத்தது. விசாவுக்கு அப்பாவின் இரண்டு வருஷ வருமான வரி ரிட்டர்ன் வேண்டுமாம். ஆக, என் வருமானம் போதுமா என்ற கேள்வி கடல் தாண்டி மறுபடியும் என்னைத் தேடி வந்துவிட்டது.

பத்திரிகையில் பெயர்

முதலில் ஆப் கம்பெனியிடம் ஒரு சம்பளச் சான்றிதழ் கேட்டுப் பார்த்தேன். அரை நிமிஷத்தில் பதில் வந்தது. நான் அவர்களுடைய ஊழியன் இல்லையாம், மதிப்புக்குரிய பங்குதாரராம். பங்குதாரர்களுக்குச் சம்பளம் கிடையாது, ஆகவே சான்றிதழும் கிடையாது.

இதை பஸ் ஸ்டாண்டு எதிரே டீ குடிக்கும்போது ஏழுமலையிடம் காட்டினேன். தவளக்குப்பத்துக்காரன், என்னை மாதிரியே ஆப்பில் ஓட்டுகிறவன். போனை வாங்கி இரண்டு தடவை படித்தான். டீயை ஒரு மடக்கில் முடித்துவிட்டுச் சொன்னான்: “பார்ட்னர்னா இப்டித்தாண்ணா. கல்யாணப் பத்திரிகையில நம்ம பேரு இருக்கும், பந்தியில எலை இருக்காது.”

ஏலத்தில் எடுத்தது

கிடங்கு வேலை எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து, எதையும் எழுதி வைக்கிற பழக்கம். ஒவ்வொரு சவாரி முடிந்ததும் எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், என்ன வந்தது, டீசலுக்கு என்ன போனது என்று ஒரு நோட்டில் எழுதிவிடுவேன். பயணிகளில் பாதிப் பேர் என்னை போலீஸ் என்று நினைப்பார்கள்.

ஒருநாள் தேங்காய்த்திட்டிலிருந்து ஓர் அம்மாள் ஏறினார். மீன் வியாபாரம். ஓசூரில் இருக்கிற மகன் போனிலேயே வண்டி போட்டுக் கொடுத்திருந்தான். இறங்கும்போது கையில் பணம் கொஞ்சம் குறைந்தது. அதற்கு ஈடாகப் பையிலிருந்து ஒரு வஞ்சிரத்தை எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, முன் சீட்டில் வைத்துவிட்டார். நான் நோட்டை எடுத்தேன்.

“என்னாப்பா எழுதுற?”

“வருமான வரிக்கும்மா. வந்தது எல்லாத்தையும் எழுதணும்.”

“மீனுமா?”

“மீனும் வந்ததுதானே?”

அவர் கதவைச் சாத்தப் போனவர், திரும்பக் குனிந்து நோட்டைப் பார்த்தார். படிக்கத் தெரியாது என்று நினைக்கிறேன். ஆனாலும் விரலை வைத்துச் சொன்னார்: “எழுது, வாணாங்கல. ஐஸ்ல வச்சதுன்னு மட்டும் எழுதிடாத. காலையில ஏலத்துல எடுத்தது.”

அப்படியே எழுதிக்கொண்டேன்.

எட்டு சதவீதம்

எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருப்பவரை எல்லாரும் ஆடிட்டர் என்போம். அவர் பரீட்சை எழுதினாரா என்று யாரும் கேட்டதில்லை, ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பார். என்னைப் போன்ற சின்னத் தொழில்காரர்கள் வரவு செலவெல்லாம் காட்ட வேண்டியதில்லை. மொத்தமாக வந்ததில் எட்டு சதவீதம்தான் லாபம் என்று எழுதினால் அரசாங்கம் நம்பிக்கொள்ளும். போன வருஷம் எனக்கும் அப்படித்தான் எழுதினார். இந்த வருஷமும் எழுதத் தொடங்கினார். எட்டிப் பார்த்தேன். அந்தத் தொகையில் நிவேதாவுக்கு விமான டிக்கெட் வாங்கினால் நானும் செல்வியும் மீதி வருஷம் பட்டினிதான்.

“சார், கொஞ்சம் ஏத்திப் போடுங்க” என்றேன்.

பெஞ்சில் காத்திருந்த நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆடிட்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நான் அந்த வருஷத்து நோட்டு மூன்றையும் மேஜையில் வைத்தேன். உண்மையிலேயே கையில் நின்றது அவர் எழுதுவதைப்போல நாலு மடங்கு என்றேன். எட்டுக்குமேல் எவ்வளவு வேண்டுமானாலும் காட்டலாம், சட்டம் தடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். நாலு மடங்கு காட்டினாலும் வரி ஒரு ரூபாய்கூட வராது என்பதும் தெரிந்தது. அப்புறம் ஏன் எல்லாருக்கும் எட்டு என்று கேட்டேன். பழக்கம் என்றார். விசைப்பலகையில் கை வைத்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இருவது வருஷமா இந்த நாற்காலியில ஒக்காந்திருக்கேன். எறக்குங்கன்னுதான் எல்லாரும் வருவாங்க. உடம்பு நல்லாத்தான இருக்கு ஒங்களுக்கு?”

ஒரு சொல்தாவின் ஆறுதல்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எண்பது வயதுச் சொல்தா ஒருவர் மாதம் இருமுறை என் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போவார். யாரையும் ஐயா என்னமாட்டார், பிரெஞ்சில் முசியேதான். என் கவலையைச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். இங்கே காகிதத்துக்கு அலைவது, அங்கே காகிதத்துக்கு அலைந்தது எல்லாம். அவர் பையைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். பென்ஷன் நிற்காமல் இருக்க, வருஷா வருஷம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டிய உயிர்ச் சான்று.

“நீ சம்பாதிச்சேன்னுதான முசியே நிரூபிக்கணும்? நான் இன்னும் சாவலன்னு நிரூபிக்கணும்.”

இரண்டாம் பரிசு

நோட்டில் இருப்பதை மாதவாரியாகக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் ஆடிட்டர். என் கண்ணாடியின் பவர் போதாததால் நிவேதா உட்கார்ந்து கூட்டினாள். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் மாதத்தில் அவள் விரல் ஒரு வரியில் நின்றது. ‘சென்னை ஏர்போர்ட், போக வர’ என்று என் கையெழுத்து. தேதி, அவள் பள்ளி ஆண்டு விழா நடந்த நாள். வண்டி திண்டிவனம் தாண்டி ரிப்பேராகி நின்றுவிட்டது, அதனால்தான் விழாவுக்கு வரமுடியவில்லை என்று அன்று சொல்லியிருந்தேன். ரிப்பேர் செலவு என்று நோட்டில் எதுவும் இல்லை. வந்தது மட்டும் இருந்தது, நல்ல தொகை.

அரசாங்கத்திடம் உண்மை சொல்லப் போனால் வீட்டிலும் சொல்லவேண்டி வரும் என்று ஆடிட்டர் எச்சரிக்கவில்லை. வெங்காயத்தை விட்டு நான் தலை நிமிரவில்லை. அவள் அந்த வரியையும் கால்குலேட்டரில் தட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

“பரவால்லப்பா. அன்னைக்கு எனக்கு ரெண்டாவது பரிசுதான்.”

மீன் வேண்டாம்

சென்னையில் விசா காகிதம் வாங்கும் மையத்தில், கவுண்டரில் இருந்த பெண் இரண்டு ரிட்டர்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெளியே காரில் இருந்த என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

“சார், போன வருஷம் இவ்ளோ. இந்த வருஷம் நாலு மடங்கு. மகளுக்கு சீட்டு கெடைச்ச வருஷமாப் பாத்து வருமானம் ஏறியிருக்கு?”

பழக்கத்துக்கு எழுதிய ரிட்டர்னை ஒருவரும் சந்தேகப்படவில்லை. முதல்முறையாக உள்ளதை எழுதினேன், அது பொய்யாகத் தெரிகிறது. நிவேதா என்னைப் பார்க்காமல் கண்ணாடித் தடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த வருஷம் எனக்கு வந்த கடிதத்தின் வாசகம் முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. பையிலிருந்து மூன்று நோட்டுகளையும் எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். அந்தப் பெண் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படித்தார்: ‘தேங்காய்த்திட்டு டு முதலியார்பேட்டை, ரொக்கம் போக வஞ்சிரம் ஒன்று, ஐஸில் வைக்காதது.’ சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தது தெரிந்தது. நோட்டுகளை மூடி என் பக்கமே தள்ளினார்.

“முடிவு பண்றது நாங்க இல்ல சார், அனுப்பத்தான் முடியும். ஏன் ஏறிச்சுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. மீன மட்டும் விட்டுடுங்க.”

ஒரு பக்கம்

அங்கேயே நின்றுகொண்டு பிரெஞ்சில் எழுதினேன். எனக்குத் தெரிந்த மிக அழகான பிரெஞ்சு அந்தப் பழைய கடிதத்தின் பிரெஞ்சுதான். அதையே எடுத்துக்கொண்டேன். ‘சென்ற வருஷம் ஊர் வழக்கப்படி எழுதினேன் என்பதையும், இந்த வருஷம் நடந்தபடி எழுதியிருக்கிறேன் என்பதையும் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’

மூன்று வாரம் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினேன். பாஸ்போர்ட் விசாவோடு வந்தது. செப்டம்பரில் நிவேதாவை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்து, பழக்க தோஷத்தில் நோட்டைத் திறந்து ‘சென்னை ஏர்போர்ட்’ என்று எழுதினேன். வந்தது என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லை. மறுநாள் டீக்கடையில் ஏழுமலை முழுக்கதையையும் கேட்டான். கேட்டுவிட்டு, இரண்டு பிஸ்கட்டும் தின்றுவிட்டு, தொழில் பேசினான்.

“அதான் பொண்ணு போயிடுச்சே. அடுத்த வருஷம் பழையபடி எட்டுக்கே எறக்கிடலாம்லண்ணா?”

ஆக, என் இனத்தாரே, மூன்று பேருக்குப் போதாது என்று அன்று திருப்பி அனுப்பப்பட்ட என் சம்பாத்தியம், வீட்டில் இப்போது இரண்டு பேர்தான் என்பதால், தாராளமாகப் போதுகிறது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.