நர்ஸம்மாவுக்கு ஒரு தனிக் கட்டு

விரல்கள் ஒரு சீட்டை எடுத்து, ஓரம் மடங்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் தள்ளின. அடுத்தது. அதற்கடுத்தது. உறைக்குள் போன ஒவ்வொன்றையும் பெருவிரல் ஒருமுறை தட்டிப் பார்த்தது, செம்புக் கம்பிச் சுருளைத் தட்டிப் பார்ப்பது போலவே. நகக்கண்ணில் வார்னிஷ் கறை அப்பியிருந்தது. சீட்டில் ஒரு பொட்டுகூடப் படவில்லை.

"இன்னாம்மா இது? மோட்டாரு காயுதுன்னு சொல்லிட்டு சீட்டாடக் குந்திட்ட?" என்றார் பஞ்சாட்சரம். காவாந்தண்டலத்து விவசாயி. அவருடைய பம்புசெட் மோட்டார்தான் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"வார்னிஷ் காயறதுக்கு நானா ஊத முடியும்? குந்துங்க நைனா."

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த ரீவைண்டிங் கடை இளவரசியுடையது. எரிந்துபோன மோட்டாரின் வயிற்றைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் தருவாள். கடைக்குக் கணக்கு எழுத வந்தவள் ஒருநாள் சும்மா கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு விடவே இல்லை. கடைசியில் கடையே அவள் கைக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இதே மேசையில் ஹீரோ சீட்டு நடக்கும். இளவரசி, செல்போன் கடை ஸ்ரீகாந்த், நர்ஸ் வேலை பார்க்கும் பிரிஸ்கில்லா என்று மூன்று பேர். ஒருவரை ஒருவர் கவிழ்க்கிற ஆட்டமில்லை அது. மூன்று பேரும் ஒரே கட்சி. ஆளுக்கு ஒரு ஹீரோ, ஆளுக்கு ஒரு கட்டு. எதிரே வில்லனின் கட்டு. அதைப் புரட்டப் புரட்ட அவன் அடிப்பான், அவன் சதியும் வளர்ந்துகொண்டே போகும். சதி முற்றிவிட்டால் ஊர் காலி. ஹீரோக்களுக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர்கள் இருந்தன. இவர்கள் அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பிரிஸ்கில்லாவின் ஹீரோ நர்ஸம்மா. கூட இருப்பவர்களுக்கு மருந்து போடுவதில் கெட்டிக்காரி. வில்லனை அவள் அடித்தால் கொசு கடித்த மாதிரி இருக்கும்.

அந்தப் பிரிஸ்கில்லாவுக்கு மஸ்கட்டில் வேலை. இன்று சாயங்காலம் கிளம்புகிறாள். போன வாரம் மேசையில் முகவாயை வைத்துக்கொண்டு, "அங்க யாருடி எங்கூட ஆடுவாங்க? தனியா ஆடலாந்தான். ஆனா நர்ஸம்மா தனியா ஜெயிப்பாளா? வேற ஹீரோவ எட்த்துக்கோன்னு மட்டும் சொன்ன, கட்டத் தூக்கிப் பாலாத்துல போட்டுருவேன்" என்றாள்.

"ஜெயிப்பா. நான் கட்டித் தரேன்" என்று இளவரசியின் வாய் சொல்லிவிட்டது.

சொன்னபடி கட்டியும் விட்டாள். காலையிலிருந்து ஆடிப் பார்த்த ஆட்டம் எல்லாம் வெற்றி. காலே தரையில் படவில்லை. யாரிடமாவது காட்டாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பஞ்சாட்சரம் வசமாக மாட்டிக்கொண்டார்.

"இவந்தான் வில்லன், நைனா. இரும்புவாயன்."

"இந்தப் பல்லனா? எங்கூர்ல மடை தொறக்கிறவன் மாதிரியே கீறான்."

இளவரசி ஆடிக் காட்டினாள். ஒவ்வொரு சுற்றிலும் "முதல்ல மொய்" என்று ஒரு சீட்டை எடுத்துக் கையில் சேர்த்தாள். மருந்து, அடி, மறுபடி மொய், மறுபடி அடி. இரும்புவாயன் கவிழ்ந்தான்.

"செத்தானா?"

"செத்தான்!"

"சபாஷ்" என்ற பஞ்சாட்சரம் தாடையைச் சொறிந்தார். "ஒண்ணு கேக்கறேன். நீ ஒருத்திதான ஆடற. மொய்ய யாரு வெக்கிறது?"

இளவரசியின் கை அப்படியே நின்றது.

மொய் இந்த மேசையின் வழக்கம். ஆட்டம் புதிதில் தோற்றுத் தோற்று வெறுத்துப் போயிருந்த காலத்தில் ஸ்ரீகாந்த் கொண்டுவந்தது. சுற்று தொடங்கும்போது, முடிந்தவர் முடியாதவருக்கு ஒரு சீட்டு வைக்க வேண்டும். வைத்து வைத்துப் பழகியதில் அது விதியில் இல்லாதது என்பதே மறந்துபோயிற்று. ஒருத்தியாக உட்கார்ந்தபோதும் கை பழக்கத்தை விடவில்லை.

"ஐயோ நைனா! என் இடது கை என் வலது கைக்கு மொய் வெச்சிருக்குது!"

சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. பஞ்சாட்சரமும் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மொய் இல்லாமல் ஆடிப் பார்த்தாள். இரும்புவாயன் நர்ஸம்மாவை நசுக்கிப் போட்டான். மறுபடி ஆடினாள். மறுபடியும் அதே கதி.

பிரிஸ்கில்லா வர இன்னும் கொஞ்ச நேரம்தான்.

எரிந்த மோட்டாருக்கு ஒட்டுப் போட்டால் நிற்காது, முழுக்கப் பிரித்தாக வேண்டும். கட்டை மேசைமேல் பரப்பினாள். எந்த ஆபத்துக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று திணித்து ஐம்பது சீட்டு சேர்ந்திருந்தது. நாற்பது போதும் என்கிறது விதி. அதிலும் பாதியில் 'பக்கத்தில் உள்ள ஹீரோவுக்கு' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஏது ஹீரோ? இருப்பது பஞ்சாட்சரம். அத்தனையையும் வெளியே வீசினாள்.

காலியான இடத்துக்கு ஆள் தேடிச் சீட்டுப் பெட்டியின் அடியைத் துழாவினாள். உறைகூடப் போடாத சீட்டுகள் வந்தன. 'ஒரு காயம் ஏற்றுக்கொள், இரண்டு சீட்டு எடு.' இவற்றைப் பிரிஸ்கில்லா என்றைக்கும் சேர்த்ததில்லை. நர்ஸே கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் நோயாளி என்ன நினைப்பான் என்பாள். இன்னொன்றும் வந்தது: 'ஆற்றிய காயம் எத்தனையோ, அத்தனை அடி வில்லனுக்கு.'

இளவரசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். காயம் பட்டால் சீட்டு வரும். சீட்டில் மருந்து வரும். மருந்து போட்டால் இரும்புவாயனுக்கு அடி விழும். ஆறிய உடம்பு மறுபடி காயம் தாங்கும். கரண்டு சுற்றி வந்துவிட்டது!

"நைனா! வில்லன் கட்ட நீங்க பொரட்டுங்க!"

"நானா? எனக்கு இங்கிலீசு தெரியாதும்மா."

"நான் படிக்கிறேன். நீங்க பொரட்டுனா போதும்."

பஞ்சாட்சரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புரட்டினார். இரண்டு சுற்றில் கட்சி மாறிவிட்டார். "குத்துடா என் பல்லா! வுடாத!" என்று அவர் போட்ட சத்தத்தில் டீக்கடை வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நர்ஸம்மா அடி வாங்கினாள், சீட்டு எடுத்தாள், மருந்து போட்டாள், திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் அவளுக்கு ஒரு மூச்சு மிச்சம், வில்லனின் சதிக்கு ஒரு படி மிச்சம். இளவரசி கையிலிருந்த மருந்து எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கினாள்.

"பூட்டானே! என் ஆளு பூட்டானே!" என்று பஞ்சாட்சரம் தலையில் கை வைத்தார். "இன்னொருவாட்டி ஆடும்மா. இப்ப பாரு."

இன்னொரு முறையும் நர்ஸம்மாவே ஜெயித்தாள். அதற்கடுத்த ஆட்டம் பஞ்சாட்சரத்துக்கு. அவர் எழுந்து நின்று டீக்கடைக்காரர்களைப் பார்த்துக் கும்பிட்டார். வார்னிஷ் எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

நாற்பது சீட்டையும் உறை போட்டு, மோட்டாருக்கு வைக்கும் கெட்டியான இன்சுலேஷன் தாளில் ஒரு பெட்டி மடித்து, பருத்தி நாடாவால் கட்டி முடிக்கவும் வாசலில் ஆட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பின்சீட்டில் சூட்கேஸ்களுக்கு நடுவே பிரிஸ்கில்லாவின் தலை மட்டும் தெரிந்தது.

"ஜெயிப்பாளாடி?" என்றாள், எடுத்த எடுப்பில்.

"ஜெயிப்பா. ஆனா நெறைய அடி வாங்குவா."

"நர்ஸம்மாவா? அடி வாங்குவாளா?"

"வாங்கி வாங்கி எய்ந்துக்கறாம்மா!" என்று உள்ளேயிருந்து பஞ்சாட்சரம் கத்தினார். "என் ஆளயே சாவடிச்சிட்டா!"

"யாருடி அது?"

"அதான் இரும்புவாயன்."

பிரிஸ்கில்லா கெக்கெக்கே என்று சிரித்தாள். சிரிப்பின் பாதியில் மூக்கை உறிஞ்சினாள். "தோத்துட்டா இன்னாடி பண்றது?"

"போன் போட்டுத் திட்டு. எப்டித் தோத்தன்னு சொல்லு, எந்தச் சீட்ட மாத்தணும்னு நான் சொல்றேன்."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். சூட்கேஸுக்கு மேலாக இரண்டு கைகள் நீண்டன. இளவரசி தன் கையைப் புடவையில் அழுத்தித் துடைத்துவிட்டு, பெட்டியை அவற்றில் வைத்தாள்.