கடலில் கேட்ட சத்தம்

போன ஞாயிறு சாயங்காலம். எதிர் வீட்டு மெர்சி வெறுங்காலில் தலைதெறிக்க ஓடி வந்தாள். ‘கடற்கரைக்குப் போய்விட்டு நிதானமாக வா’ என்று நான்தான் அனுப்பியிருந்தேன்...

அவள் மகள் ஜெனிக்கு ஆறு வயது. மூச்சு விடத் தொண்டையில் குழாய். அதில் சளி சேர்ந்து ‘களகள’வென்று சத்தம் வந்தால், உடனே மிஷின் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். ஜெனியின் அப்பாவுக்கு எண்ணூரில் ஷிஃப்ட் வேலை. ராத்திரி பகலாக அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடப்பது மெர்சிதான்.

எங்கள் தெரு நல்ல தெரு. ஜெனிக்குப் பொம்மை வரும், ஜெபம் நடக்கும். மெர்சிக்கு? “மனசைத் தளர விடாதேம்மா” என்ற அட்வைஸ். நானும் தாராளமாக வழங்கியிருக்கிறேன்.

ஒருநாள் கேட்டேன் — “உனக்கு என்னதான் வேணும்?”

“கடலாண்ட போயி சும்மா குந்திகினு இருக்கணும்க்கா. தெருக்கோடிலதான் கீது... இவளுக்குக் குழா போட்டதுலருந்து பாக்கவேயில்ல.”

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. திருவொற்றியூரில் இருந்துகொண்டு கடலுக்கு ஏங்குவதா! ஆறுதல் சொல்ல ஒரு தெருவே இருக்கிறது. அவள் எழுந்து போனால் அந்த இடத்தில் உட்காரத்தான் ஆளில்லை.

ஆஸ்பத்திரி நர்ஸிடம் மிஷின் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். மெர்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பல வாரம் பழகினேன். என் தடுமாற்றத்தைப் பார்த்து ஜெனிக்கு ஒரே சிரிப்பு.

அப்படி நான் அனுப்பி வைத்த மெர்சிதான் இப்படி ஓடி வந்தாள். நானும் ஜெனியும் அவள் வீட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இன்னாக்கா... சளி கட்டிகிச்சா? சத்தம் கேட்டுச்சே!”

“எங்கே கேட்டுச்சு?”

யோசித்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் கடற்கரையில் மணல் ஏது? அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்தான். அதன் இடுக்கில் தண்ணீர் புகுந்து வடியும்போது ‘களகள’... ஜெனியின் தொண்டை மாதிரியே.

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். “கடல்கூட எனுக்கு இப்டிதான் கேக்குது பாருக்கா.”

பழைய அட்வைஸ் வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

“செருப்பைக் கல்லு மேலயே விட்டுட்டு வந்துட்டியே... போய் எடுத்துக்கிட்டு வா.”

மகளை ஒருமுறை பார்த்தாள். போனாள்.

விளக்குப் போடும் நேரத்துக்குத்தான் திரும்பினாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

செருப்பு எடுக்க இவ்வளவு நேரமா என்று நான் கேட்கவில்லை.