வெல்டிங் வெளிச்சத்தைக் கும்பிட்ட அன்று

போன வருஷம் ஆவணி மாதம் நடந்தது இது. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில், உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கரிசல் காடு, மழையை நம்பித்தான் விவசாயம். மக்காச்சோளமும் உளுந்தும் போடுவோம். எனக்குப் பெரிய படிப்பெல்லாம் கிடையாது. மனசில் பட்டதை அப்படியே எழுதுகிறேன்.

அந்த வருஷம் தை மாதம் என் நாத்தனாரின் கணவர் நெஞ்சுவலி வந்து திடீரென்று இறந்துபோனார். ஓட்டப்பிடாரம் பக்கம் சின்னதாக வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். பட்டறை வாடகை இடம். அதைக் காலி பண்ணிவிட்டு, மகளைக் காலேஜ் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு, நாத்தனார் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. எனக்கும் அவள் தங்கை மாதிரிதான்.

வந்தவள் வாசல் பக்கமே வரவில்லை. அடுக்களை, அதை விட்டால் உள் அறை. வெள்ளிக்கிழமை சூடம் காட்டும்போது கூப்பிட்டால், "நீங்க கும்பிடுங்க மதினி, நான் பொறவு கும்பிட்டுக்கிடுதேன்" என்று அறைக்குள் போய்விடுவாள். தாலி இழந்தவள் நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்கக்கூடாது என்று எங்கள் பக்கம் இன்னும் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டில் யாரும் அவளை ஒதுங்கச் சொல்லவில்லை. அவளாகவே ஒதுங்கிக்கொண்டாள். நானும் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தேன். போகப் போக ஆளும் மெலிந்து, பேச்சும் குறைந்துவிட்டது. இவள் இப்படியே அந்த அறைக்குள் முடங்கிப் போய்விடுவாளோ என்பதுதான் எனக்கு ஒரே கவலை. விளக்கேற்றும்போதெல்லாம் அம்மனிடம் வேறு எதுவும் கேட்கத் தோன்றாது.

அந்தச் சமயத்தில்தான் வெல்டிங் மிஷின் பேச்சு வந்தது. முந்தின வெள்ளாமையில் காட்டுப்பன்றி வேலித் திறப்பு வழியாகப் புகுந்து மக்காச்சோளத்தை நாசம் பண்ணியிருந்தது. இந்த விதைப்புக்கு முன்னால் காட்டுக்கு இரும்புக் கேட் போட்டே ஆகவேண்டும். டவுன் பட்டறையில் கேட்டால், எல்லாரும் விதைப்புக்கு முன்னால்தான் கலப்பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், இப்போதைக்கு முடியாது என்றார்கள். என் வீட்டுக்காரர், நாமே ஒரு மிஷின் வாங்கிவிட்டால் கேட், கலப்பை, மாட்டுக் கொட்டகை எல்லாவற்றுக்கும் ஆகும் என்று முடிவு பண்ணினார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவர் அதற்குள் பாதி வெல்டர் ஆகியிருந்தார்.

மிஷின் வாங்கப் போகும்போது அவளையும் கூட்டிப் போவோம் என்றேன். "அவ என்னத்தக் கண்டா, மாப்பிள்ளைக்குக் கம்பி பிடிச்சிருப்பா" என்றார். அவளும் வரமாட்டேன் என்றுதான் அடம்பிடித்தாள். அப்படியே அம்மன் கோயிலுக்கும் போய் வரலாம், எனக்குத் துணைக்கு வா என்று கெஞ்சித்தான் கிளப்பினேன்.

கோவில்பட்டியில் மிஷின் சாமான் விற்கிற கடை. கடைக்காரர் நெற்றி நிறைய விபூதியோடு ஐம்பது வயசு மதிக்கத்தக்கவர். என் வீட்டுக்காரர் உள்ளே போனதும் இருப்பதிலேயே பெரிய மிஷினைக் காட்டச் சொன்னார். கனமான இரும்புப் பெட்டி. அதன்மேல் கையை வைத்து, மாட்டுச் சந்தையில் காளையைத் தட்டிப் பார்ப்பது மாதிரி தட்டிப் பார்த்தார். பெரிதாக எடுத்துப் போட்டால் காலத்துக்கும் கிடக்கும் என்பது அவர் கணக்கு.

நாத்தனார் கடைப்படியில் ஓரமாக நின்றவள், என் முழங்கையை மெள்ள இழுத்தாள்.

"மதினி, நம்ம வீட்டுக்கு சிங்கிள் பேஸ்தான? அதுக்கு அந்தக் கரண்டு தாங்காது. பல்பு அணைஞ்சிரும், வெல்டிங்கும் பிடிக்காது. கரண்டு கம்மியா இழுக்குத இன்வெர்ட்டர் மாடல் சின்னது இருக்கான்னு அண்ணனக் கேக்கச் சொல்லுங்க."

நான் போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கடைக்காரரிடம் கேட்டார். கடைக்காரர் சின்ன மிஷின் ஒன்றை எடுத்து வைத்தார். திரும்ப என் முழங்கை இழுபட்டது. கேபிள் செம்பா, அலுமினியமா? நான் போனேன், கேட்டேன், வந்தேன். அப்புறம், விடாமல் ஓட்டினால் எவ்வளவு நேரம் சூடு தாங்கும்? மறுபடியும் போனேன். கடைக்காரர் என்னையும் படியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சி, கேள்வி கேக்கது அவிய. பதில் சொல்லுதது உங்கட்ட. நடுவுல இந்தம்மா கால் தேய நடக்காவ. அவியளையே இங்கன வரச்சொல்லுங்க."

அவள் தயங்கித் தயங்கி வந்தாள். கடைக்காரர் எங்கே வேலை பழகினீர்கள் என்று கேட்டார். "மாப்பிள்ளை பட்டறை வச்சிருந்தாரு" என்று என் வீட்டுக்காரர் தணிந்த குரலில் சொன்னார். கடைக்காரர் அவள் வெறும் நெற்றியை ஒரு தரம் பார்த்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, பெரிய மிஷினை அவரே நகர்த்தி வைத்தார். அதன்பிறகு விலை பேசியது தவிர மற்ற பேச்செல்லாம் அவளிடம்தான். முன்பின் தெரியாத மனிதர் அவளை மதித்துப் பேசியதை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது.

திரும்பி வரும்போது மினி பஸ்ஸில் மிஷினைக் கீழே வைக்க விடாமல் மடியிலேயே வைத்திருந்தாள். கண்டக்டர் அதற்கும் அரை டிக்கெட் எடுக்கணும் என்று கேலி பண்ணினார். அவள் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மிஷினை வைத்துவிட்டு மறுபடியும் உள் அறைக்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பூஜை போட்டோம். எந்தப் புதுச் சாமான் வாங்கினாலும் முதல் வேலை எங்கள் காட்டுக் கருப்பசாமிக்குத்தான். இரும்புக் கம்பியில் ஒரு சின்ன வேல் ஒட்டி வைப்பதாக வேண்டியிருந்தேன். வாசலில் மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் காட்டினேன். அவளைக் கூப்பிட்டேன். "முத முத ஆரம்பிக்கீய, நான் வேண்டாம் மதினி" என்று அறைக்குள்ளிருந்தே குரல் வந்தது.

பெட்டியோடு கிடைத்த ஒரே ஒரு கறுப்புக் கண்ணாடி ஷீல்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் குத்தவைத்து உட்கார்ந்தார். வெல்டிங் ராடைக் கைப்பிடி ஹோல்டரில் மாட்டிக் கம்பியில் வைத்தார். பளீரென்று ஒரு வெளிச்சம். நீலமும் வெள்ளையுமாக, அப்படி ஒரு ஜோதியை நான் பார்த்ததில்லை. வெல்டிங் பட்டறைப் பக்கம் போனால் பார்க்கக்கூடாது என்று கேள்விப்பட்டதுதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது பட்டறை நெருப்பாகத் தோன்றவில்லை. சாமிக்குச் செய்கிற முதல் வெளிச்சம், கர்ப்பகிரகத்துத் தீபாராதனை மாதிரிதான் தோன்றியது. தீபாராதனைக்கு யாராவது கண்ணை மூடுவார்களா? நான் கிட்டப் போய், இரண்டு கையையும் கூப்பி, கண் கொட்டாமல் பார்த்தேன். வெளிச்சம் விட்டு விட்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் இன்னும் நன்றாகக் கண்ணைத் திறந்து கும்பிட்டேன்.

பின்னாலிருந்து ஓடிவந்து ஒரு கை என் இரண்டு கண்ணையும் இறுகப் பொத்தியது.

"பாக்காதீய மதினி! கண்ணு போயிரும். அண்ணே, நிறுத்து!"

தை மாதத்துக்கு அப்புறம் அவள் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டது அன்றைக்குத்தான். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்திருக்கிறாள். நல்ல காரியம், கெட்ட காரியம் எதுவும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. சந்தனம், சூடத்தட்டு எல்லாவற்றையும் தாண்டி, பூஜையின் நட்ட நடுவில் வந்து நின்றிருந்தாள்.

அவள் கையை எடுத்ததும் பார்த்தால், ராடு கம்பியோடு ஒட்டிக்கொண்டு வராததால் வீட்டுக்காரர் அதை இழுத்துக்கொண்டிருந்தார். அவள் என்ன நினைத்தாளோ, ஹோல்டரை வாங்கி ஒரு திருகு திருகினாள். ராடு விடுபட்டது.

"குத்தப்படாது அண்ணே. தீக்குச்சி உரசுத மாதிரி உரசணும்."

சொன்ன பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது போலிருக்கிறது. ஹோல்டரைக் கீழே வைக்கப் போனாள். "சாமி காரியம் மதினி. நான் தொட்டுட்டேனே" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தப் பேச்சு வந்ததோ தெரியவில்லை. "கருப்பசாமி உன்னைத்தான் கூப்பிட்டிருக்காரு தாயி. வேலாயுதத்த நீயே ஒட்டு" என்றேன். என் வீட்டுக்காரர் எழுந்து ஷீல்டை அவள் கையில் கொடுத்தார்.

நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டோம். சடசடவென்று சத்தம் மட்டும் விடாமல் சீராக வந்தது. சத்தம் நின்ற பிறகும் அவள் ஷீல்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. உள்ளே அழுகிறாள் என்று தெரிந்தது. அழட்டும் என்று விட்டுவிட்டோம்.

சாயங்காலம் என் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது மாதிரி உறுத்தல், தண்ணீர். மறுநாள் கண் டாக்டரிடம் போனோம். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருந்தால் பாடு பெரிதாகியிருக்கும் என்று சொல்லி, சொட்டு மருந்து கொடுத்தார். குணமாகும்வரை அவள்தான் பக்கத்திலேயே இருந்து மருந்து விட்டாள். முதல் வேலையாக இன்னும் இரண்டு ஷீல்டு வாங்கி வரச் சொல்லி அண்ணனை டவுனுக்கு விரட்டினாள்.

விதைப்புக்கு முன்னால் எங்கள் காட்டுக் கேட்டை அவளேதான் செய்து முடித்தாள். இப்போது அக்கம்பக்கத்துக்காரர்கள் உடைந்த கலப்பையைக் கொண்டுவந்து வாசலில் நின்று அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். வழக்கத்தைப் பற்றி எங்களில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணவில்லை. என் கண்ணுக்கு ஆபத்து என்றதும் அவள் காலே அதைத் தாண்டி வந்துவிட்டது. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை சூடம் கொளுத்துவதற்கு முன்னால், அவள் வந்து என் பக்கத்தில் நிற்கிறாளா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்ட பிறகுதான் தீக்குச்சியை உரசுகிறேன்.