துரைப்பூவின் இரண்டாம் கணு

எங்கள் வீட்டுத் துரைப்பூவின் தண்டை முறித்தது நான்தான். அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் ஒரு மனுசி மாதக்கணக்கில் பஸ் ஏறி அலைந்திருக்க வேண்டியதில்லை. எனக்கு எட்டு வயது, அடிக்குப் பயம், அதனால் சொல்லவில்லை.

துரைப்பூ என்று நாங்கள் சொன்னது ஓர்க்கிட்டை. வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது, டொக்யார்டில் வேலை பார்த்த அப்பா ஒரு துரையின் பங்களா விறாந்தையில் கேட்பாரற்றுத் தொங்கிய அந்தச் செடியைக் கூடையோடு தூக்கி வந்தார். மற்றவர்களுக்கு அலுமாரியும் கதிரையும் கிடைக்க, அப்பாவுக்குக் கிடைத்தது நாலு தடித்த இலையும் கொஞ்ச வேரும். இரண்டு வருசம் அது கிணற்றடி மாமரத்தில் சும்மா தொங்கியது. மூன்றாம் வருசம் ஒரு நீண்ட தண்டு விட்டு நுனியில் மொட்டு வைத்தது. அம்மா அப்போது தம்பியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். இரண்டு நல்ல காரியமும் ஒன்றாக வருகின்றன என்று வீடே பூரித்துப் போயிருந்தது.

உப்புவெளி மாமி ஒருநாள் காலையில் வந்தார். அம்மாவின் அண்ணன் மனைவி. கல்யாணமாகிப் பத்து வருசம், பிள்ளை இல்லை. செடியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். மொட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் காட்டி எண்ணினார்.

"ஒன்பது மச்சாள். என்ன வடிவு."

பேறு பார்க்க வந்திருந்த பெரியம்மா, அம்மாவின் அக்கா, குசினி வாசலில் நின்று இதைக் கேட்டார். பூவையோ பிள்ளையையோ வாய்விட்டு எண்ணக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

மத்தியானம் எல்லோரும் நித்திரை. மொட்டுக்குள்ளே பூ மடித்து வைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது விரியும்போதுதான் உண்டாகிறதா என்று எனக்குப் பல நாளாகச் சந்தேகம். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, தண்டை என் பக்கம் வளைத்து, தலையில் இருந்த கிளிப்பால் ஒரு மொட்டைக் கீறினேன். தண்டு நடுவில் முறிந்து தோலில் தொங்கியது. கதிரையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வாசிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவ்வளவு ஒழுங்காக நான் படித்தது அன்றைக்குத்தான்.

பின்னேரம் பெரியம்மாதான் கண்டார். விசாரணை எதுவும் நடக்கவில்லை, நேரே தீர்ப்புத்தான். செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துச் செடியை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டார். புகை கமறினால் சாதாரணம், கமறாவிட்டால் யாரோ கண் வைத்த கண்ணூறு. நாங்கள் எல்லோரும் இருமினோம். பெரியம்மாவும் கண்ணில் நீர் வழிய இருமினார். இருமி முடித்துவிட்டு, "பாத்தியளே, ஒரு துளியும் கமறேல்லை," என்றார்.

"சும்மா இருங்கோ அக்கா. பூத்தண்டுதானே," என்றார் அம்மா.

"இண்டைக்குப் பூத்தண்டு. நாளைக்கு? அந்த உப்புவெளிக்காரி உன்ர முகத்தில முழிக்கக் கூடாது. பிள்ளை பிறந்தாலும் அவளுக்குக் காட்டக் கூடாது."

அப்பா கண்ணூறை நம்பாதவர். ஆனால் பெரியம்மாவுக்குப் பயந்தவர். ஆகவே அதுவே முடிவாயிற்று.

இந்தக் கதை உப்புவெளிக்குப் போக ஒரு நாளும் எடுக்கவில்லை. மாமி அழுதுகொண்டு வருவார், அல்லது சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தோம். அவர் ஒரு பையோடு பின்பக்க வேலிப் படலையால் வந்து, கிணற்றடியில் நின்றபடியே பேசினார்.

"என்ர கண்தான் முறிச்சதெண்டால் என்ர கையால பாத்துத் தாறன். பூத்தால் பிள்ளையைக் காட்டுவியளோ?"

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "முறிஞ்ச தண்டு எங்கையன் பூக்குமோ? பூக்கட்டும். பிள்ளை பிறந்து துடக்குக் கழிக்கிற முப்பத்தொண்டாம் நாளே வந்து தூக்கு."

மாமியின் தகப்பன் துரைமார் வீட்டில் தோட்டக்காரனாக இருந்தவர். பெரியம்மா அதை ஒரு குறையாகச் சொல்வதுண்டு. அன்றைக்கு அந்தக் குறைதான் உதவிக்கு வந்தது. சவர பிளேட்டை நெருப்பில் காட்டி, தண்டின் அடியிலிருந்து கணுக்களை எண்ணி, இரண்டாம் கணுவுக்கு ஒரு விரல் மேலே சரிவாக வெட்டினார். வெட்டிய வாயில் மஞ்சள்தூள் வைத்தார். கூடையில் ஊறி அழுகிய பழைய தேங்காய்த் தும்பை எடுத்துவிட்டுக் கரியும் புதுத் தேங்காய்ப் பொச்சும் அடுக்கினார். பழைய தும்பைக் கிளறியபோது அவர் கை ஒரு கணம் நின்றது. எதையோ எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

அடுத்த நாள் மாமி கிணற்றடியில் வைத்து எனக்குத் தலை பின்னிவிட்டார். பின்னி முடித்து, காணாமல் போயிருந்த என் கிளிப்பைச் செருகினார். பிறகு செடியின் பக்கம் போய்விட்டார். அது கூடைக்குள் விழுந்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் வந்தார். எங்கள் வீடு உட்துறைமுகத்துக்குக் கிட்ட, கிணறு உவர். அந்தத் தண்ணீர் வேரைச் சுடும் என்று, பெயரில்தான் உப்பைக் கொண்ட தன்னுடைய ஊரிலிருந்து நல்ல தண்ணீரைச் சோடாப் போத்தலில் கொண்டுவந்தார். இலையின் குருத்தில் ஒரு துளி தங்கினாலும் சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்தார். வெயில் திரும்பத் திரும்பக் கூடையையும் கொப்பு மாற்றிக் கட்டினார். அவர் நிற்கும் நேரம் முழுவதும் அம்மாவை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். மாமி அந்தக் கதவின் பக்கம் திரும்புவதேயில்லை. அப்படி ஒரு பொறுமையையும் கைச்சுத்தத்தையும் நான் பிறகு பெரிய ஆசுபத்திரிகளில்கூடக் கண்டதில்லை.

அவர் ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று அப்போது நான் யோசிக்கவில்லை, தப்பினேன் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் வளர்ந்தபோது, என் மேல் இருந்த அன்பால் என்று நினைத்தேன். அன்பும்தான். ஆனால் அவர் சொல்லியிருந்தால் பெரியம்மா என்ன சொல்லியிருப்பார் என்பது இப்போது எனக்குத் தெரியும். பிள்ளை இல்லாதவள் பிள்ளையிலே பழி போடுகிறாள் என்றிருப்பார். ஊரும் ஓம் என்றிருக்கும். அவருக்காகச் சாட்சி சொல்ல அந்தச் செடியைத் தவிர வேறு ஆள் இல்லை. எட்டு வயதில் ஒரு ஆள் இருந்தாள், அவள் வாசிப்புப் புத்தகத்துக்குப் பின்னால் இருந்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து அந்த இரண்டாம் கணுவில் ஒரு பச்சைப் புள்ளி வீங்கியது. அது தண்டாயிற்று. தம்பி பிறந்த கிழமையில் மொட்டு வைத்தது. மாமி இந்தமுறை எண்ணவில்லை. நான்தான் மனதுக்குள் எண்ணினேன், ஐந்து. முப்பத்தொன்றுக்கு மூன்று நாள் இருக்க முதல் பூ விரிந்தது. வெள்ளை வெளேரென்று, நடுவில் ஒரு மஞ்சள் பொட்டோடு இருந்தது. பெரியம்மா அதைப் பலதரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பிழை ஒன்றும் அகப்படவில்லை.

"அக்கா, பூத்திட்டுது," என்றார் அம்மா. அந்தக் குரலைக் கேட்டுப் பெரியம்மா குசினிக்குள் போனார்.

முப்பத்தொன்று அன்று, தண்டு முறிந்த பிறகு முதல்முறையாக, மாமி முன்வாசலால் வந்தார். குளித்துத் தலைமுடிந்து நல்ல சேலை உடுத்திருந்தார். அம்மா தானே எழுந்துவந்து தம்பியை அவர் மடியில் வைத்தார். பெரியம்மா கதவோரம் நின்று மாமியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமி இரண்டு கையாலும் பிள்ளையை ஏந்தி நெஞ்சோடு அணைத்தார். கண் இரண்டையும் இறுக மூடிக்கொண்டார்.

நான் பக்கத்தில் போய் அவருடைய தோளைத் தட்டினேன்.

"மாமி, தம்பி சிரிக்கிறான். கண்ணைத் திறந்து பாருங்கோ."

"பாத்திட்டன் பிள்ளை," என்றார், கண்ணைத் திறக்காமலே.

பெரியவர்கள் இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறார்களே என்று எனக்கு மாமியின் மேல் கோபம் வந்தது.