பதில் வரிக்கு ஓர் ஆள்

கச்சேரி கேட்டே வளர்ந்த மயிலாப்பூர்க்காரி நான். ஆனால் எனக்குப் பைத்தியமெல்லாம் மேடை ஏறாத பாட்டுகள்மேல்தான். தாலாட்டோ ஒப்பாரியோ தர்காவில் பாடுவதோ, யார் வாயைத் திறந்தாலும் ரெக்கார்டரை நீட்டிவிடுவேன். "ஆத்துல நான் பேசறதை என்னிக்காவது ரெக்கார்டு பண்ணிருக்கியோ?" என்பார் என் கணவர். அதில் பாட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன்.

அடையாறில் என்னோடு வேலை பார்க்கும் தோழிக்கு வீடு திருவல்லிக்கேணியில். அவளுடைய உம்மா வியாழக்கிழமைதோறும் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிவைத்து, இறைநேசர்களான அவுலியாக்களின் புகழைப் பாடுகிறவர். ஆண்கள் காதில் விழக்கூடாது என்பதால் அதை யாரும் பதிவு செய்ததில்லை. போன கோடையில் அவருக்குக் கழுத்தில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தால் உயிருக்குப் பயமில்லை, குரலுக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேரும் நாளன்றுதான் தோழி என்னிடம் ஓடி வந்தாள். பதிவு பெண்களைத் தாண்டிப் போகாது என்று நான் வாக்குக் கொடுத்த பிறகே உம்மா சம்மதித்தார்.

போனதுமே என் அதிகாரத்தைக் காட்டினேன். ஃபேனை நிறுத்தச் சொன்னேன். உம்மாவின் குரல் தெளிவாக விழ வேண்டும், கூட்டம் வேண்டாம் என்று, கூடப் பாட வந்திருந்த பெண்களையும் அனுப்பிவைத்தேன். அவர்களும் சாக்குக் கிடைத்ததென்று கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முதல் வரியைப் பாடினார். அடேயப்பா, என்ன குரல்! எனக்குப் புல்லரித்துவிட்டது. வரி முடிந்ததும் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். மேலே பாடும்படி ஜாடை காட்டினேன்.

"பதிலு யாரும்மா சொல்றது? எல்லாரையும் தொரத்திட்டியே."

அவர் ஒரு வரி பாடினால், கூட இருப்பவர்கள் பதில் வரியைப் பாட வேண்டும். அதைக் கேட்டால்தான் அடுத்த வரி அவர் நாக்குக்கு வரும். தலையில் அடித்துக்கொண்டேன். பாட்டென்றால் ஒருவர் நடுவில் உட்கார்ந்து பாடுவது, மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பது என்றே ஊறிப்போன மயிலாப்பூர் மூளை! தோழியைப் பாடச் சொன்னோம். ஆஸ்பத்திரிப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவள் வாயைத் திறந்தாள், பாவம், அழுகைதான் வந்தது. மிச்சம் இருந்தது நான்.

உம்மா எனக்குப் பதில் வரியைச் சொல்லிக்கொடுத்தார். என் தொண்டை சும்மா இருக்குமா? கடைசிச் சொல்லில் கமகம் போட்டு இழுத்தது. உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வளைக்காத. நேரா கொண்டாந்து குடு."

நேராகவே கொடுத்தேன். அப்புறம் நிற்கவே இல்லை, வியர்வை வழிய வழியப் பாட்டுமேல் பாட்டாக வந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தச் சபாவிலும் உட்கார்ந்ததில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டால், என் குரல்தான் ஓங்கி நின்றது, சகிக்கவில்லை. அவர் பாட்டில் எனக்கென்ன வேலை என்று என் வரிகளையெல்லாம் வெட்டி எறிந்தேன். ஆனால் பாட்டின் நடை கெடக்கூடாதே என்று, அந்த இடங்களை மட்டும் மூடாமல் மௌனமாக விட்டுவைத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல்தான் கரகரவென்று ஆகி, மேலே ஏறவே மறுத்தது. வியாழக்கிழமைகளில் பெண்கள் வருகிறார்கள், முதல் வரி எடுக்க ஆளில்லாமல் டீ குடித்துவிட்டுப் போகிறார்கள், உம்மா யாரோடும் பேசுவதுகூட இல்லை என்று தோழி சொன்னாள். இந்த நேரத்தில் பழைய குரலைக் கேட்கவைப்பது பாவமா புண்ணியமா என்று தெரியாமலே, அடுத்த வியாழன் போய்ப் பதிவைப் போட்டேன்.

முதல் வரி கணீரென்று வந்து முடிந்தது. பின்னால் மௌனம். பெண்கள் வாயைத் திறக்கப் பயந்து உம்மாவின் முகத்தையே பார்த்தார்கள். கட்டிலிலிருந்து அந்தக் கரகரத்த குரல், தாழ்வாக, பதில் வரியைச் சொன்னது. அடுத்த மௌனத்தில் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு முடியும்வரை உம்மா ஒரு பதிலையும் விடவில்லை.

"இத்தினி வருசமா இவள நான் கேட்டதே இல்லம்மா," என்றார், ரெக்கார்டரைக் காட்டி. "நல்லாத்தான் பாடுறா. இனிமே இவ பாடட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்."

அடுத்த பாட்டைப் போடச் சொன்னார்.