கலர்ப் படத்தில் அழுகிறவள்

இன்று காலைக் காட்சியில் என் கணவரோடு மாட்டுங்காவில் ஒரு கலர்ப் படம் பார்த்தேன்.

செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. அதை இவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாகத் தவிப்பு.

போன மாதம் பார்த்த கருப்பு வெள்ளைப் படத்தில், புகுந்த வீட்டை விட்டு வெளியே போக முடியாத ஒரு பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதி முகம் இருட்டில் இருந்தது. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அவளை வெளியில விட்டாத்தான் என்ன?" என்றார்.

இன்றைய படமும் அதே மாதிரிக் கதை என்று கேள்விப்பட்டு நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன்.

இந்தப் பெண்ணும் ஜன்னலோரம் நின்று அழுதாள். ஆனால் ஜன்னலுக்கு நீலத் திரை, அவளுக்கு ரோஸ் பட்டுப்புடவை, வெளியே கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூக்கள்.

"பாரேன், வீடு எவ்ளோ ஜோரா இருக்கு! இவளுக்கு என்ன கொறச்சல்னு அழறா?" என்றார் இவர்.

ஆனாலும் திரும்பி வரும் வழியில் கேட்டுவிட்டேன்.

"ஏன்னா, செம்பூர்ல ஒரு ஸ்கூல்ல எனக்கு வேலை கெடச்சிருக்கு. போகட்டுமா?"

"வேலையா? ஒனக்கு இங்க என்ன கொறச்சல்? தீபாவளிக்குத்தானே ரூம் முழுக்கப் பச்சைப் பெயிண்ட் அடிச்சேன்?"

அந்தப் பச்சைச் சுவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்லச் சனிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. அதற்குள் எங்காவது, தூரத்துக் கல்யாணில் ஆனாலும் சரி, நல்ல கருப்பு வெள்ளைப் படம் ஓடினால் உடனே சொல்லுங்கள்.