புதுச்சேரி விழாத ஆண்டு விழா

எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் ஆண்டு விழா நாடகம் என் தலையில் விழுந்தது. சோழமண்டலக் கரைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்ட கதையை எடுத்தேன். பாடமும் நடத்தின மாதிரி ஆகும் என்று கணக்குப் போட்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

முதல் நாளே தகராறு. ஒன்பதாம் வகுப்பில் ஒருத்திகூடப் பிரெஞ்சுக்காரியாக இருக்கச் சம்மதிக்கவில்லை. தோற்பதில் அவர்களுக்கு வருத்தமில்லை. கோட்டுதான் பிரச்சினை. ஆங்கிலேயப் படைக்குப் பல்லாவரத்துக் கல்யாண பாண்டு கோஷ்டியிடம் சிவப்புக் கோட்டுகள் இரவல் வாங்கியிருந்தேன். நீலக் கோட்டு எங்கும் கிடைக்கவில்லை. பிரெஞ்சுப் படை பள்ளிக்கூடத்து நீலத் தாவணியிலேயே வரட்டும் என்றேன்.

“போங்க டீச்சர், தினம் போடறதைப் போட்டுக்கிட்டு யாராவது சண்டைக்குப் போவாங்களா?”

சென்னைக் கோட்டையையே ஒரு சமயம் பிடித்து வைத்திருந்தவர்கள், இதோ பரங்கிமலையில் வந்து சண்டை போட்டவர்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. கடைசியில் ஓர் உயரமான பெண், “புதுச்சேரி எங்க அம்மா ஊரு டீச்சர்” என்று தளபதியாக முன்வந்தாள். அவளோ ஒத்திகையில் சரணடையும் வசனம் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். கேட்டால், “அன்னிக்குச் சொல்லிடறேன் டீச்சர்.”

விழா அன்று கடைசிக் காட்சி. புதுச்சேரிக் கோட்டை முற்றுகை. ஆங்கிலேயத் தளபதி அட்டைக் கத்தியை ஓங்கிய சமயம், மேடை ஓரத்தில் நின்ற என்னிடம் பாண்டுக்காரர் வந்து சேர்ந்தார்.

“டீச்சரம்மா, கோட்டு வோணும். குரோம்பேட்டைல ஊர்வலம் கீது. ஆளுங்க பனியனோட நின்னுகினு கீறாங்க.”

“நாளைக்குத் தந்தா போதும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“திடீர்னு கூப்டுட்டாங்க, நான் இன்னா பண்றது?”

“இதோ முடிஞ்சிடும், கொஞ்சம் பொறுங்க.”

மனுஷர் பொறுக்கவில்லை. பக்கத்துத் திரையை விலக்கித் தலையை நீட்டினார். “சீக்கிரம் கோட்டைக் குடுங்கம்மா!” என்று ஒரு கத்தல்.

பிரெஞ்சுத் தளபதி சட்டென்று திரும்பினாள். “கோட்டையைத் தர முடியாது! முடிஞ்சா எடுத்துப் பாருங்க!”

கூட்டம் விசிலடித்துக் கைதட்டியது. ஆங்கிலேயப் படைக்குப் பாண்டுக்காரர் யாரென்று தெரியும். பயந்துபோய் ஒவ்வொருத்தியாகக் கோட்டைக் கழற்றித் திரைக்குப் பின்னால் கொடுத்தாள். உள்ளே எல்லோரும் அதே நீலத் தாவணி. மேடையில் பிரெஞ்சுக்காரிகளைத் தவிர யாருமே மிச்சமில்லை. வெற்றி, வெற்றி என்று பிரெஞ்சுத் தளபதி கூவ, யாரோ திரையை இழுத்துவிட்டார்கள். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

தலைமை விருந்தினர் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. புதுச்சேரியைக் கடைசிவரை விட்டுக்கொடுக்காத வீராங்கனை என்று அவளை மேடைக்குக் கூப்பிட்டுத் தன் மாலையையே போட்டார். தலைமையாசிரியை என் பக்கம் சாய்ந்தார்.

“ஏம்மா, பிரெஞ்சுக்காரங்க தோத்தாங்கன்னுதானே புஸ்தகத்துல இருக்கு?”

“பாண்டுக்காரர் வந்துட்டார் மேடம்.”

“அவர் எந்தக் கட்சி?”



அரையாண்டுத் தேர்வில் அந்தக் கேள்வியை நானே கேட்டேன்: கடைசியில் கரையோரம் யார் வசமாயிற்று? பாதி வகுப்பு பிரெஞ்சுக்காரர் என்று எழுதியிருந்தது. சிவப்பு மையால் அடித்தேன். விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்து நின்றாள்.

“நீங்க போட்ட நாடகம்தானே டீச்சர்? நாங்க எல்லாரும் பார்த்தோமே!”

மறுநாள் அந்தப் பாடத்தை முதல் வரியிலிருந்து மறுபடி நடத்தினேன்.